இரண்டு வாரம் மன்னார்க் கரையில், மிச்ச ஐம்பது வாரம் லண்டனில்



கோடை லீவு வருகுது. "ஊருக்குப் போறம், கரையோரப் பாதுகாப்பு வேலை ஏதும் செய்யலாமோ?" என்று எங்கட குழுவில் சில பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். 2025 ஓகஸ்டில் நானும் மன்னாரில் பத்து நாள் அந்த வேலையில் நின்றேன். அங்கே என்ன வேலை, திரும்பி வந்து என்ன வேலை என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

கரையில் கிடப்பது பயறளவு பிளாஸ்டிக் குறுணி. வாளி, போத்தல், பை எல்லாம் இதை உருக்கித்தான் செய்கிறார்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இது சுமார் 1,680 தொன் இருந்தது. நீர்கொழும்புக் கரை வெள்ளையாகிப் போனது, மீன்பிடிக்கும் தடை வந்தது. 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியது. அடுத்த சில வாரங்களில் குறுணிகள் கன்னியாகுமரியிலும், பிறகு எங்கட வடக்குக் கரையிலும் ஒதுங்கின.

அலை கடைசியாக வந்து நின்ற கோட்டில் குந்தியிருந்து, மணலை அள்ளி அரிதட்டில் அரிக்க வேண்டும். யந்திரத்தால் வழித்தால் மணலோடு நண்டும் ஆமை முட்டையும் போய்விடும். அதனால் கைவேலைதான். நாள் முழுக்க அரித்தாலும் ஒரு வாளி நிரம்பாது.

எங்களோடு அரித்தவர்கள் கருவாடு போடுகிற அக்காமார். அவர்கள் தங்கட வேலை முடிந்து வந்து நின்றவர்கள். ஒரு அக்கா சொன்னா: "பிள்ளை, நீங்கள் பிளேன் ஏறினாப் பிறகும் உது வரும். நாங்கள் பொறுக்குவம். ஆனா அந்தக் கப்பல்காரனிட்ட ஆர் போய்க் கேக்கிறது?"

தோழர்களே, கப்பல்காரனிடம் கேட்கவேண்டிய இடங்களில் முக்கியமானவை நாங்கள் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருக்கின்றன.

எக்ஸ்பிரஸ் பேர்ளின் பொறுப்புக் காப்புறுதி லண்டனில்தான் இருந்தது. 2023இல் கப்பல் வழக்குகளை விசாரிக்கும் லண்டன் நீதிமன்றம், கம்பெனியின் பொறுப்பைச் சுமார் 1.9 கோடி பவுணுக்கு மட்டுப்படுத்தியது. அந்த எல்லையைக் கப்பலின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எத்தனை குடும்பம் தொழில் இழந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் கட்டச் சொன்னது. கம்பெனி மறுத்துவிட்டது. இரண்டு தொகைக்கும் நடுவில்தான் அந்த மீனவக் குடும்பங்கள் நிற்கின்றன.

கப்பல் போக்குவரத்துக்கு விதி எழுதுகிற ஐ.நா.வின் சர்வதேச கடல்சார் அமைப்பின் தலைமையகமும் இங்கே, தேம்ஸ் கரையில் இருக்கிறது. குறுணியை எப்படிப் பொதிசெய்து ஏற்றவேண்டும் என்று 2024இல் அது பரிந்துரை வெளியிட்டது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

அதனால் போகிறவர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, போகமுதலே உள்ளூர் மீனவர் சங்கத்தோடு கதையுங்கள். எப்போது, எந்தக் கரை, எத்தனை பேர் என்பதை அவர்கள் சொல்லட்டும். தங்குகிற செலவு உங்களுடையது. அவர்கள் வேறு வேலை கேட்டால் அதைச் செய்யுங்கள். நான் நின்ற அந்த மாதமே காற்றாலைக்கும் இல்மனைட் மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார்ச் சனம் வீதியில் நின்றது. அதுவும் கரையைக் காக்கிற வேலைதான்.

இரண்டு, அரித்ததை அளந்து எழுதுங்கள். திகதி, இடம், எத்தனை சதுர மீற்றர், எவ்வளவு நிறை, ஒரு படம். ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒரு பிரதி எங்களுக்கு. பதிவில்லாத குறுணி வெறும் குப்பை. பதிவு இருந்தால் நட்டஈடு கேட்கிறபோது அது சாட்சி.

மூன்று, திரும்பி வந்ததும் உங்கட தொகுதி எம்.பி.க்கு அந்தப் பதிவோடு கடிதம் எழுதுங்கள். குறுணியை ஆபத்தான சரக்காக அறிவித்து விதியைக் கட்டாயமாக்க, அந்த அமைப்பில் பிரிட்டன் குரல் கொடுக்கவேண்டும் என்று கேளுங்கள். கடல்சார் அமைப்பு கூடுகிற நாட்களில் அதன் வாசலில் நாங்கள் நிற்போம்.

அரிதட்டு பிடிக்க மன்னாரில் கைகள் இருக்கு. இந்த வாசலில் வந்து நிற்க அந்தக் கைகளுக்கு விசா கிடைக்காது. எங்களுக்கு அது தேவையில்லை. ஆனபடியால் அந்த வேலை எங்கட பங்கு.

பெயர் தர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிய என்னிடம் வாருங்கள்.