காணோம் என்பதும் இல்லை என்பதும்



'காணோம்' என்பது தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்று. காணாதவர் நாமே என்னும் ஒப்புதல் அதன் விகுதியிலேயே உள்ளது. 'இல்லை' என்னும் சொல்லிலோ பார்த்தவர் மறைந்துவிடுகிறார். இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவை அளக்க ஒரு கணித விதி உண்டு. பிரெஞ்சு அறிஞர் பாய்சான் 1837இல் வெளியிட்ட நூலில் அது இடம்பெற்றது. ஒன்றையொன்று சாராமல் சிதறும் பொருள்களுக்கு அவ்விதி பொருந்தும்.

1944இல் தென் இலண்டன்மீது ஜெர்மானியப் பறக்கும் குண்டுகள் விழுந்தன. அப்பகுதியை 576 சம கட்டங்களாகப் பகுத்து, அவற்றில் விழுந்த 537 குண்டுகளின் கணக்கை ஆர்.டி. கிளார்க் என்பார் 1946இல் வெளியிட்டார். குண்டு விழாத கட்டங்கள் 229. பாய்சான் விதியின்படி எதிர்பார்க்கத்தக்கவை 227. தப்பிய கட்டங்களைத் தப்புவித்தது தற்செயலே எனலாம்.

இவ்விதியை நம் வடசென்னைக் கரைக்குக் கொணர்வோம். 2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இத்தகைய வேளையில், கரையில் இரண்டு சதுர மீட்டருக்கு ஓர் எண்ணெய்க் கட்டி என்னும் சராசரியில் சிதறிக் கிடப்பதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர்க் கட்டம் ஒன்றை மட்டும் ஆய்வோர் 100 பேரில் ஏறத்தாழ 61 பேர் வெறுங்கையோடு திரும்புவர். ஆளுக்கு ஆறு கட்டங்கள் ஆய்ந்தால் அவ்வாறு திரும்புவோர் 5 பேரே.

எண்ணெயோ இவ்வாறு தற்போக்காய்ச் சிதறுவதில்லை. அலையாத்தி வேர்களிலும் கரையோர மூலைகளிலும் அது திரண்டு ஒட்டும். திரளத் திரள வெறுங்கட்டங்கள் பெருகும்; ஆறு கட்டங்களும் போதாமற் போகும். எங்கே திரளும் என்பதைக் கழிமுக நீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்போர் அறிவர். கட்டம் இடுமுன் அவர்களைக் கேட்டல் முறை.

வெறுங்கட்டம் ஒன்றைக் காட்டி 'இல்லை' என்று அறிக்கை எழுதப்பட்டால், தேடுதல் அன்றோடு முடியும். எண்ணெய் படிந்த வலைக்குரியவரின் இழப்பும் கணக்கில் ஏறாது. எத்தனை கட்டங்களில் தேடினோம் என்பதையும் சேர்த்துக் 'காணோம்' என்று எழுதினால், மீண்டும் தேடக் கதவு திறந்திருக்கும். கவிதையில் ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் காத்திருக்கும் நாம், நம் கரையைப் பற்றிய அறிக்கையிலும் அச்சொல்லைக் கேட்டு வாங்குவோமாக.