வேலை போன வீட்டுக்கு நம்ம குழு என்ன செய்யணும்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கம்பெனியை நாம யாரும் மறக்க முடியாது. 2006ல் செல்போன் உற்பத்தி ஆரம்பித்தது. ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் நம் பிள்ளைகள் வயசுப் பெண்கள். நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் வாங்கியது. ஆனால் வருமான வரி வழக்கு இருந்ததால் இந்தத் தொழிற்சாலையை மட்டும் சேர்க்கவில்லை. விருப்ப ஓய்வு என்று சொல்லி ஆயிரக்கணக்கானோரை அனுப்பினார்கள். 2014 நவம்பர் 1ல் உற்பத்தி நின்றது. வேலையில் எந்தக் குறையும் வைக்காத பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

கம்பெனி எங்கேயோ மூடுது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. மகள் சம்பளத்தை நம்பித்தான் பல தாய்மார்கள் குழுவில் கடன் வாங்குகிறோம். எங்கள் குழுவிலேயே ஒரு அக்காவின் மகளுக்கு வேலை போச்சு. நாங்கள் என்ன செய்தோம்? "தவணை தேதி மாறக்கூடாது" என்று கறாராகப் பேசினோம். அந்த அக்கா மீட்டர் வட்டிக்கு வாங்கி நம்ம தவணையைக் கட்டினார். அப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை. வசூல் பதிவேட்டில் நூற்றுக்கு நூறு. ஆனால் ஒரு உறுப்பினரை இழந்தோம். அது எங்கள் தப்பு.

அதனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, வேலை போன வீட்டுக்கு உள்கடனில் மூன்று மாதம் வட்டி மட்டும் வாங்கலாம். குழு கூடிப் பேசி தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இரண்டு, படிக்காமல் கையெழுத்து போடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம் ஈட்டுத்தொகையாகத் தரவேண்டும். நானே விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அதைக் கேட்பது கஷ்டம்.

மூன்று, நியமனக் கடிதம், சம்பள ரசீது, பி.எப். எண் எல்லாம் இன்றைக்கே ஒரு பையில் போட்டு வையுங்கள். வேலை போன பிறகு தேடினால் கிடைக்காது.

கம்பெனி மூடுவதை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். அந்த வீட்டுப் பெண் தலைகுனியாமல் நம் கூட்டத்துக்கு வர வைப்பது நம்ம கையில்தான் இருக்கு. அந்த அக்கா வீட்டுக்கு நாங்கள் போய்ப் பேசிவிட்டு வந்தோம். அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.