குறட்டையை உறக்கம் என்று எண்ணாதீர்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்ற ஆசிரியன். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயைப் பற்றிப் பேச எனக்குள்ள ஒரே தகுதி, அந்நோய் எனக்கு இருப்பதுதான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், பழையவர்கள் இன்றும் பிட் ஸ்திரீட் என்று சொல்லும் அந்தச் சாலையில், நெடுங்காலம் குடியிருந்தவன் நான். விடியற்காலையில் பாங்கோசையும் கோயில் மணியோசையும் கேட்டே எழுவேன். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தலை கனக்கும், வாய் உலர்ந்திருக்கும். பகலில் செய்தித்தாளை விரித்தால் கண் சொக்கும். வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். ஒரு நாள் பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டேன். பக்கத்தில் என் பேத்தி. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்ததால் இருவரும் பிழைத்தோம்.

அன்றிரவுதான் என் துணைவியார் மனம் திறந்தார். "நீங்க குறட்டை விட்டுக்கிட்டே இருப்பீங்க. திடீர்னு மூச்சே இருக்காது. நான் உட்கார்ந்து எண்ணிக்கிட்டிருப்பேன். அப்புறம் திணறி இழுப்பீங்க" என்றார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

'குறட்டை விட்டுத் தூங்குகிறார்' என்றால் நிம்மதியான உறக்கம் என்று நாம் பொருள் கொள்கிறோம். அது தவறு. 'ஸ்லீப் அப்னியா' எனப்படும் இந்நோயில் 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு தடைப்படும். மணிக்கு 5 முறைக்குக் குறைவாக இருந்தால் கவலையில்லை. 30 முறையும் அதற்கு மேலும் என்றால் கடுமை. இரத்தக் கொதிப்பு, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹரி 2022 பிப்ரவரியில் தம் 69ஆம் வயதில் மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் குறிப்பிட்ட காரணம் இந்நோயே.

இதில் இரு வகை உண்டு. ஒன்று அடைப்பு வகை: உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழியை அடைக்கின்றன. நெஞ்சு இழுக்கிறது, காற்று போவதில்லை. மற்றொன்று மைய வகை: வழி திறந்திருக்கும்; ஆனால் மூச்சு விடு என்ற கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை. நெஞ்சும் அசையாது. இதயம் பலவீனமானவர்க்கும், பக்கவாதம் கண்டவர்க்கும், மார்பின் போன்ற வலி மருந்து உண்பவர்க்கும் இது வரலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். எனக்கு அப்படித்தான்.

ஆனால் அது அப்போது எனக்குத் தெரியாது. நண்பர் சொல்லக் கேட்டு, பரிசோதனை எதுவுமின்றி, ஒரு கடையில் 'சீபேப்' கருவி வாங்கினேன். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி அது. சிட்னியில் காலின் சல்லிவனும் அவர்தம் குழுவினரும் 1981இல் உலகுக்கு அறிவித்த அருமையான சிகிச்சை. என் குறட்டை நின்றது, களைப்பு நிற்கவில்லை. கருவி உதவாது என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் செய்த பெரும்பிழை அதுவே.

என் துணைவியார்தாம் விடவில்லை. கிளினிக் டாக்டரிடம் கடிதம் பெற்று நிபுணரிடம் அழைத்துச் சென்றார். ஓர் இரவு முழுவதும் தலையில் கம்பிகள், விரலில் ஒரு கிளிப், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள் பொருத்தி உறங்கச் செய்தார்கள். மூச்சு நிற்கும்போது நெஞ்சு இழுக்கிறதா, அசையாமல் கிடக்கிறதா என்று அந்தப் பட்டைகள் காட்டிக்கொடுக்கும். இரு வகையும் இருப்பது தெரிந்தது. இதயத்தை ஸ்கேன் செய்தார்கள், அது தளர்ந்திருந்தது. இதய மருந்து தொடங்கினார்கள். அழுத்தத்தைச் சரிசெய்து அதே கருவியைத் தந்தார்கள். சில மாதங்களில் காலைத் தலைக்கனம் போயிற்று.

மைய வகைக்கென்று தானே அழுத்தத்தை மாற்றும் வேறொரு கருவியும் உண்டு. ஆனால் இதயம் மிகவும் பலவீனமான, மைய வகை மிகுந்த நோயாளிகளிடையே அது இதய நோயால் வரும் மரணத்தைக் கூட்டியது என 2015இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒருவர்க்கு மருந்தாவது இன்னொருவர்க்குத் தீங்காகலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் கருவியை இரவல் வாங்காதீர்கள்.

அடைப்பு வகைக்கு வேறு வழிகளும் உள்ளன. எடை குறைத்தல், பக்கவாட்டில் படுத்தல், மது தவிர்த்தல், கீழ்த்தாடையை முன்தள்ளும் பல் கருவி ஆகியன சிலருக்குப் பயன் தரும். உடல் பருமனும் சேர்ந்தவர்க்கு 'டிர்செப்பட்டைட்' என்னும் ஊசி மருந்தை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. மெலிந்தவர்க்கும் இந்நோய் வரும் என்பதை மறவாதீர்கள்.

அன்பர்களே, முதல் சிகிச்சை பலிக்கவில்லையென்றால் சிகிச்சையே இல்லை என்று பொருளன்று. காரணம் இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றே பொருள். மீண்டும் மருத்துவரிடம் செல்லுங்கள். அவராகச் சொல்லும்வரை கருவியை நிறுத்தாதீர்கள். தாய்மார்களே, கணவர் கோபிப்பாரே என்று அஞ்சாமல், நீங்கள் இரவில் கண்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உறங்குகிறவருக்குத் தம் மூச்சு நின்றது தெரியாது. பக்கத்தில் விழித்திருப்பவருக்குத்தான் தெரியும்.