பனிக்காலமும் மின்சாரமும்



மார்கழி பிறந்ததும் கொல்கத்தாவில் மின்விசிறிகள் ஓய்வு கொள்கின்றன. லேக் மார்க்கெட்டை அடுத்து வாழும் நம்மவர் இல்லங்களிலும் சால்வைகளும் குரங்குக் குல்லாய்களும் பெட்டியினின்று வெளிவருகின்றன. கோடையில் ஓயாது நினைக்கப்பெறும் மின்சாரம் அப்பொழுது மறக்கப்பட்டுவிடுகிறது. ஆயினும், மின்வழங்கலைக் காக்கும் பணி மும்முரமாக நடைபெறுவது இந்த மறதிக் காலத்தில்தான்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ‘கிரிட்’ என்ற சொல்லை ‘மின்தொகுப்பு’ என்று எழுதிவிடுவது எளிது. அதன் பொருளை உணர்த்துவது அத்துணை எளிதன்று. நெல்லைக் குதிரில் சேர்ப்பதுபோல் மின்சாரத்தைப் பேரளவில் சேர்த்து வைத்தல் அரிது. ஆக்குவதும் செலவிடுவதும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருத்தல் வேண்டும். அச்சமநிலையைக் காட்டும் நாடி, நொடிக்கு 50 என்னும் அதிர்வெண். செலவு மிகுந்தால் அது தாழும். வரவு மிகுந்தால் உயரும். வரம்பு கடந்தால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே விலகிவிடும்.

2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வடக்கு மின்தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் ஒருங்கே சாய்ந்தன. மேற்கு வங்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் மின்தூக்கிகள் நின்றுவிடவே, ஏறத்தாழ 200 தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்குண்டனர். பின்னர் அனைவரும் உயிருடன் மீட்கப்பெற்றனர். ஊருக்கு ஒளி தரும் கரியை வெட்டுவோரே இருளில் அகப்பட்ட நாள் அது. அன்று கொல்கத்தாவின் பெரும்பகுதி தப்பியது. நகருக்கு மின்சாரம் வழங்கும் சி.இ.எஸ்.சி. நிறுவனம், வீழும் தொகுப்பினின்று தனித் தீவுபோல் பிரிந்து, தன் சொந்த மின்நிலையங்களைக் கொண்டு நின்றதே காரணம். இது தற்செயலன்று, முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாட்டின் பயன்.

அத்தகைய ஏற்பாடுகளுக்கு உரிய பருவம் குளிர்காலம். கிழக்கிந்தியாவில் தேவை தணிந்திருக்கும் இம்மாதங்களில் கொதிகலன்களையும் சுழலிகளையும் நிறுத்திப் பழுது பார்க்கின்றனர். வடக்கிலோ குளிர்காலமே ஒரு சோதனை. மின்கோபுரங்களில் உள்ள பீங்கான் இன்சுலேட்டர்கள்மேல் புகையும் தூசியும் படிகின்றன. மூடுபனி அப்படிவை நனைத்ததும் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து, கம்பித்தடம் துண்டிக்கப்படுகிறது. ஆகவே, பனி இறங்குமுன் அவற்றைக் கழுவியும், பாலிமர் வகைக்கு மாற்றியும் காக்க வேண்டியிருக்கிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. டிசம்பரில் கொல்கத்தாவில் மாலை ஐந்து மணிக்கே கதிரவன் மறைந்துவிடுகிறான். விளக்கேற்றும் வேளையில் சூரிய மின்சாரம் இல்லை. அப்பொழுது புருலியா மாவட்டத்து அயோத்தியா குன்றிலுள்ள 900 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் கைகொடுக்கிறது. மின்சாரம் மிஞ்சும் வேளையில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை மிகும் வேளையில் அதனைக் கீழே பாய்ச்சி மின்சாரமாக்குகிறது. மின்சாரத்திற்கும் ஒருவகைக் குதிர் வாய்த்ததென்றே கூறலாம்.

இனி நம் தாயகத்தை நோக்குவோம். 2012இல் தென்னகத் தொகுப்பு வடக்கோடு ஒரே அதிர்வெண்ணில் இணையாதிருந்தமையால் தமிழகம் இருளவில்லை. 2013 டிசம்பர் 31ஆம் நாள், ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடத்தின் வழியே அது தேசியத் தொகுப்போடு இணைந்தது. முப்பந்தலில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மிகும் மின்சாரம் வடக்கே செல்லலாம். காற்று ஓய்ந்த மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே வரலாம். உறவு விரிந்தது, பொறுப்பும் விரிந்தது. ஓரிடத்துப் பிழை இனி நெடுந்தொலைவு பரவக்கூடும்.

பிழைப்புக்காகப் பிற மாநிலம் வந்த நாம் இதனை எளிதில் உணர்வோம். ஊரில் ஒருவர் துன்புற்றால் இங்கே நம் உறக்கம் கெடுகிறதன்றோ? பழுது பார்ப்பதற்காகச் சில மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வரும்போது சலித்துக்கொள்ளாதிருப்போம். அந்தச் சிறு இருட்டு, பேரிருட்டைத் தடுக்கும் காப்பு.