சொட்டுக் கொள்கையும் சொக்குப் பொடியும்

(லிந்துலையில் தோட்டத் தொழிலாளரும் மரக்கறி விவசாயிகளும் ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டுக்கொடுத்து, மழையையும் பொருட்படுத்தாது இங்கே கூடியிருக்கிறீர்கள். இத்தகைய மேடைகளில் சம்பளம், காணி, வீடு, வாக்குரிமை ஆகியவற்றைப் பற்றியே நாம் பேசி வந்திருக்கிறோம். இன்று பௌதிக விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச முற்படுகிறோம். சட்டம் படித்தவர்களுக்கு அணுவோடு என்ன வழக்கு என்று சிலர் கேட்கக்கூடும். வழக்கு இருக்கிறது. ஒரு பெரிய சொல்லைக் காட்டி ஏழையின் மடியிலுள்ள பணம் பறிக்கப்படுமானால், அது விஞ்ஞானியின் கவலை மட்டுமன்று, சட்டத்தின் கவலை, அரசியலின் கவலையுங்கூட.

அந்தப் பெரிய சொல் 'குவாண்டம்' என்பது. கழுத்திலே அணியும் பதக்கம் ஒன்று. தண்ணீர்க் குவளைக்கு அடியிலே வைக்கும் கண்ணாடித் தட்டு ஒன்று. உள்ளங்கையில் ஓர் உலோகக் குச்சியைப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் ஈரல், சிறுநீரகம், இருதயம் அனைத்தின் நிலையையும் அச்சிட்டுத் தரும் பெட்டி ஒன்று. இவையெல்லாம் 'குவாண்டம் அதிர்வு' கொண்டு இயங்குவனவாம். இவற்றுக்குத் துணையாக ஓர் உபதேசமும் உண்டு: "உங்கள் உணர்வே உலகைப் படைக்கிறது, நினைத்தது நடக்கும், நோயும் வறுமையும் உங்கள் எண்ணத்தின் விளைவே, இதைக் குவாண்டம் விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது." வறுமைக்குக் காரணம் ஏழையின் எண்ணமே என்று சொல்லும் தத்துவம் யாருக்கு வசதியானது என்பதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தச் சொல்லின் உண்மைப் பொருளை அறிந்துகொள்வோம். 1900 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் என்ற அறிஞர், சூடேறிய பொருள் வெளியிடும் ஒளியை ஆராய்ந்தார். சத்தி ஓடை நீரைப் போல இடையறாது வருவதாகக் கொண்டால் கணக்குப் பொருந்தவில்லை; கூரையிலிருந்து சொட்டுவதைப் போலத் துளித் துளியாக வருவதாகக் கொண்டால் பொருந்தியது. அந்தத் துளிதான் குவாண்டம். நம் நாட்டுப் பாடநூல்கள் அதற்குச் 'சத்திச் சொட்டு' என்று அழகாகப் பெயரிட்டன. அந்தச் சொட்டு நம் கற்பனைக்கு எட்டாத அளவு சிறியது. அணுவின் உலகில் அது ஆட்சி செய்கிறது. 1947 இல் அமெரிக்காவில் உருவான திரான்சிஸ்டரும், 1960 இல் உருவான லேசர் ஒளியும், உங்கள் கையிலுள்ள தொலைபேசியும் அந்த அறிவின் பிள்ளைகள்.

இந்த விஞ்ஞானத்தில் தமிழனுக்கும் பங்குண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், 1928 பெப்ரவரி 28 அன்று கல்கத்தாவிலே கண்ட விளைவு சொட்டுக் கொள்கைக்கு ஓர் அரிய சான்று. ஒளியின் துளி ஒரு மூலக்கூற்றில் மோதி, தன் சத்தியில் ஒரு பகுதியைக் கொடுத்தோ பெற்றோ நிறம் மாறி வெளியேறுகிறது என்பதை அவர் காட்டினார். 1930 இல் நோபல் பரிசு பெற்றார். "இராமன் சொன்னார், ஆகவே நம்புங்கள்" என்று உலகம் கேட்கப்படவில்லை. அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இருவர், பளிங்குகளில் அதே விளைவைத் தனியே கண்டனர். கல்கத்தாவில் தெரிந்தது மாஸ்கோவிலும் தெரிந்தது. நம்பியவனுக்கும் தெரிந்தது, ஐயுற்றவனுக்கும் தெரிந்தது. விஞ்ஞானம் என்ற சொல்லுக்கு இதுவே இலக்கணம்.

அப்படியானால் 'உணர்வு' எங்கிருந்து இதற்குள் நுழைந்தது? 'அவதானிப்பவர்' என்ற ஒரு சொல்லின் வழியாக நுழைந்தது. ஓர் இலத்திரனை அளவிட்டால் அதன் நிலை மாறுகிறது என்று பௌதிகம் கூறுகிறது. அளவிடுதல் என்றால் ஏதேனும் ஒரு கருவி அதனோடு ஊடாடுதல். அறையிலே மனிதர் எவரும் இல்லாவிட்டாலும், ஒரு படத்தகடு அந்த வேலையைச் செய்துவிடும். தகட்டுக்கு உணர்வு ஏது? ஆனால் வணிகர் 'அவதானிப்பவர்' என்ற சொல்லை 'ஆன்மா' என்று பெயர்த்து, அதற்கு விலை குறித்துவிட்டனர்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். பெரிய அறிஞர்களும் இதைப் பற்றிச் சிந்தித்ததுண்டு. 1961 இல் யூஜின் விக்னர் என்ற பௌதிகர், அளவிடுதலை முடித்துவைப்பது மனித உணர்வே என்ற கருத்தை எழுதினார். பிற்காலத்தில் அதைத் தாமே கைவிட்டார். ரோஜர் பென்ரோஸ் என்ற கணித மேதை, மூளைக்குள் குவாண்டம் விளைவுகள் இயங்கக்கூடும் என்று வாதிட்டார். 2000 இல் மாக்ஸ் டெக்மார்க் என்பவர் கணக்கிட்டு, மூளையின் வெப்பத்தில் அத்தகைய நுண்ணிலைகள் நரம்பு ஒரு முறை துடிப்பதற்கு எவ்வளவோ முன்பே குலைந்துபோகும் என்று மறுத்தார். வாதம் நடக்கட்டும்; அது அறிஞர்களின் முறையான வழக்கு. அவர்களுள் எவரும் பதக்கம் விற்கவில்லை. இன்னும் ஒன்று. விக்னரின் பழைய கருத்தையே உண்மையென்று வைத்துக்கொண்டாலும், காண்பவன் தான் விரும்பிய விளைவைத் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த விளைவு எத்தனை முறை வரும் என்ற விகிதத்தைப் பௌதிக விதி நிர்ணயிக்கிறது. நம் ஆசை நிர்ணயிப்பதில்லை. காணுதல் வேறு, கட்டளையிடுதல் வேறு. நினைத்தது நடக்கும் என்ற வாணிபம் முழுவதும் இந்த வேறுபாட்டை மறைப்பதிலேதான் நிற்கிறது.

தோழர்களே! இனி நமக்குப் பழகிய மன்றத்துக்கு வருவோம். இந்நாட்டின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 101 ஆம் பிரிவு கூறுவது எளிமையானது: எவர் ஒரு செய்தியை உண்டென்று சாதித்துத் தீர்ப்புக் கேட்கிறாரோ, அவரே அதை எண்பிக்கவேண்டும். "என் பதக்கம் நோய் தீர்க்காது என்று நீ எண்பித்துக் காட்டு" என்று விற்பவர் சொல்ல முடியாது. சுமை அவருடையது. 'குவாண்டம்' என்பதோ, பெயர் மட்டும் கூப்பிடப்பட்டு ஒருநாளும் கூண்டில் ஏறாத சாட்சி. ஏறாத சாட்சியை நம்பி எந்த நீதவானும் தீர்ப்பளிக்கமாட்டார். நீங்கள் மட்டும் ஏன் அளிக்கவேண்டும்?

கூண்டில் ஏற்றியபோது என்ன நடந்தது என்பதற்கு உலகில் உதாரணங்கள் உண்டு. 1989 இல் 'குவாண்டம் சிகிச்சை' என்னும் பொருள்பட நூல் எழுதிய தீபக் சோப்ராவுக்கு, 1998 இல் பௌதிகத்துக்கான 'இக் நோபல்' பரிசு வழங்கப்பட்டது. அது நோபல் பரிசன்று. நகைப்பதற்காக அளிக்கப்படும் கேலிப் பரிசு. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை, தீய கதிர்களிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்தது. அவற்றுள் 'குவாண்டம்' பெயர் தாங்கிய பதக்கமும் இருந்தது. பத்தும் கதிரியக்கம் உடையவை என்று கண்டறிந்து, அணிவதை நிறுத்தும்படி மக்களை எச்சரித்தது. காவல் என்று கழுத்தில் கட்டியதே கேட்டுக்குக் காரணமாயிற்று!

நம் நாட்டிலும் பார்த்தோம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணியொன்று கொரோனாவைத் தீர்க்கும் என்றார். ஆயிரக்கணக்கானோர் நோய்த்தொற்றுக் காலத்தில் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு வரிசையில் நின்றனர். சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. அங்கே காளியின் பெயர் சொல்லப்பட்டது, இங்கே குவாண்டத்தின் பெயர் சொல்லப்படுகிறது. பெயர்தான் வேறு; சோதனைக்கு முன்னே விற்பனை என்ற முறை ஒன்றே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் கொழும்பிலும் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிலையில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறைகூவினார். 1978 இல் அவர் மறையும் வரை அந்தப் பணத்தை எவரும் வென்றெடுக்கவில்லை.

சோதனை என்பது நமக்குப் புதிதன்று. அருகே தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. 1946 இல் கொப்புள நோய் இத்தீவின் தேயிலையைத் தாக்கியபோது, எண்ண அலைகளை அனுப்பியா அதை அடக்கினார்கள்? மருந்து தெளித்த பாத்தியையும் தெளிக்காத பாத்தியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, செப்பு மருந்து பயன் தருகிறது என்று கண்டார்கள். 2018 இல் இந்தியாவின் கோவா மாநிலத்தில், வயலில் மந்திரம் ஓதி விளைச்சலைப் பெருக்கும் 'அண்டவெளி விவசாயம்' என்ற முறைக்கு விவசாய அமைச்சே ஆதரவு காட்டியது. நாளை அது நம் உருளைக்கிழங்குப் பாத்திக்கும் வரலாம். வந்தால் விரட்டவேண்டாம். ஒரே நிலத்தில் இரண்டு பாத்திகளை ஒதுக்குங்கள். திருவுளச்சீட்டுப் போட்டு ஒன்றைத் தேர்ந்து ஓதச் சொல்லுங்கள். எது ஓதிய பாத்தி என்று அறியாத ஒருவரிடம் தராசைக் கொடுங்கள். நோய் காணும் பெட்டி வந்தால், ஒரே ஆளை வேறு பெயரில், வேறு வயதில், இருமுறை குச்சியைப் பிடிக்கச் செய்யுங்கள். இரண்டு தாள்களும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

நாம் எவருடைய தெய்வத்தையும் இங்கே கூண்டில் ஏற்றவில்லை. மாரியம்மன் திருவிழாவில் தேர் இழுப்பவரும் காமன் கூத்து ஆடுபவரும் அதைப் பௌதிகம் என்று சொல்லி விற்பதில்லை. 2004 இல் இந்திய அரசு ஜெனீவாவின் அணு ஆராய்ச்சிக் கூடத்துக்கு நடராசர் சிலையை அளித்தது. அணுத்துகளின் இயக்கத்துக்கு அது ஓர் அழகிய உருவகம். உருவகத்தை உருவகமாகவே வணங்கலாம், வியக்கலாம். அதையே ஆய்வுக்கூடத்தின் சான்றிதழாகக் காட்டிப் பணம் கேட்பதுதான் குற்றம். விஞ்ஞானத்தின் பெயரைக் கடன் வாங்கியவர் விஞ்ஞானத்தின் சோதனைக்கும் தலை கொடுக்கவேண்டும்.

ஏமாந்தவரை நாம் ஏளனம் செய்யலாகாது. நம்மிடம் வந்த ஒரு குடும்பம் காதணியை அடகுவைத்துப் பதக்கம் வாங்கியிருந்தது. தகப்பனார் நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் புண் முற்றிய பின்னரே வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்றனர். ஏன் நம்பினீர்கள் என்று கேட்டோம். "விற்க வந்தவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எங்கள் கதையைத் தமிழிலே கேட்டாரையா" என்றார்கள். அந்தப் பதிலில் நம் அரசாங்கத்தின் மீதான குற்றப்பத்திரிகை அடங்கியிருக்கிறது! கரடுமுரடான தோட்டப் பாதை, நாள்முழுதும் வரிசை, இரண்டு நிமிடப் பார்வை, புரியாத மொழியில் ஒரு சீட்டு — இவை உள்ளவரை, மோசடிக்காரன் லயத்தின் வாசலில் நாற்காலி போட்டு அமர்வான். ஆகவே தமிழ் அறிந்த வைத்தியரும் தாதியரும் தோட்டந்தோறும் வேண்டும் என்ற நம் கோரிக்கையும், மூடத்தனத்துக்கு எதிரான நம் பிரசாரமும் ஒரே போராட்டத்தின் இரு கைகள்.

நம் முன்னோரைத் 'துண்டு' என்ற ஒரு காகிதம் கட்டிவைத்திருந்தது. அதிலே எழுதியிருந்த கடனை வாசிக்கத் தெரியாதவரே அதைச் சுமந்து தோட்டம் தோட்டமாகச் சென்றார். 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. வாசிக்கத் தெரிந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகள், விளங்காத சொல் அச்சிட்ட இன்னொரு துண்டுக்குப் பணம் கட்டலாமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொய்யான கூற்றால் பொருள் விற்பதைத் தடுக்கிறது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மருத்துவக் கருவி என்று விற்கப்படுவது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு பெறவேண்டும். ஆளுக்கு ஆள் சேர்த்துச் சங்கிலியாகப் பணம் திரட்டும் முறையை வங்கித்தொழில் சட்டத்தின் 83 சி பிரிவு தடைசெய்கிறது. வஞ்சித்துப் பணம் பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். ஆகவே விற்க வருபவரிடம் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். எந்த நோயைத் தீர்க்கும் என்பதைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டைக் கேளுங்கள். எழுத மறுப்பாராயின் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தருவாராயின், அந்தச் சீட்டை நம்மிடம் கொண்டுவாருங்கள்; வழக்கை நாம் பார்த்துக்கொள்கிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இராமனின் கதையைப் பரீட்சைக்காக மட்டும் கற்பிக்காதீர்கள். "எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். அந்தக் கேள்வி பாடசாலையில் வளர்ந்தால் பிரட்டுக்களத்துக்கும் வரும்; சம்பளச் சீட்டிலுள்ள கழிவுகளைப் பார்த்தும் அதே கேள்வி எழும். கேட்கத் தெரிந்த தொழிலாளியை மந்திரவாதியும் ஏமாற்ற முடியாது, மந்திரியும் ஏமாற்ற முடியாது.