பச்சைப்பிள்ளையின் மூச்சை எண்ணிப் பார்ப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் தாமிரபரணிக் கரையில் உள்ள ஓர் ஊருக்குக் குழுக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு அக்கா கேட்டார்: "மகளுக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளைக்கு மூச்சு வாங்கிச்சு. உடனே தூக்கிட்டுப் போயி கண்ணாடிப் பெட்டியில வச்சிட்டாங்க. நாங்க நல்ல நட்சத்திரம் பாத்துத்தானே நாள் குறிச்சோம்?"

மூன்றாம் நாள் பிள்ளை நல்லபடியாகத் தாயிடம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் நம் எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான் நிறைந்திருக்கும். பிரசவ வலி வரும்போதுதான் அந்த நீர் வேகமாக வற்றத் தொடங்கும். வலி வராமலே ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் நீர் தங்கிவிடலாம். அதனால்தான் மூச்சு வாங்குகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் அதுவரை டாக்டர் பார்வையில்தான் பிள்ளை இருக்க வேண்டும். 39 வாரம் நிறையுமுன் எடுத்தால் இந்தத் தொல்லை கூடுதல்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்குச் சுமார் 45 ஆபரேஷன். ஆபரேஷனே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்று டாக்டர் சொன்னால் நாள், நேரம் பார்த்துத் தாமதிக்கக் கூடாது. அவசரமில்லாத ஆபரேஷனை மட்டும் பஞ்சாங்கம் பார்த்து முன்னுக்கு இழுக்காதீர்கள். "எத்தனை வாரம் முடிஞ்சிருக்கு டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். பிள்ளை அழாமல் இருக்கும்போது துணியை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். பச்சைப்பிள்ளை சில நொடி விட்டுவிட்டு மூச்சு விடும், அதனால் அரை நிமிஷக் கணக்கு சரிவராது. 60-க்குக் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றாலோ, நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ, முனகினாலோ, உதடு, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சேனை, சீனித்தண்ணி எதுவும் புகட்டாதீர்கள். மூச்சு வாங்கும் பிள்ளைக்கு அது புரையேறினால் உயிருக்கே ஆபத்து. தாயின் நெஞ்சோடு அணைத்து, கதகதப்பாகக் கொண்டு போங்கள்.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சைப்பிள்ளைக்குச் சிகிச்சை இலவசம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கம்மலை அடகு வைத்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தால் நேரம்தான் போகும்.

இன்று ஒரு தீர்மானம் போடுவோம். ஒவ்வொரு குழுவிலும் கர்ப்பிணிகளின் பேரையும் பிரசவத் தேதியையும் ஊக்குநர் எழுதி வைக்கட்டும். பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே இரண்டு பேர் போய், மூச்சு எண்ணும் முறையைத் தாய்க்கும் பாட்டிக்கும் சொல்லிக் கொடுங்கள். வட்டிக் கணக்கைப் பைசா பிசகாமல் எண்ணும் நமக்கு இது ஒரு நிமிஷ வேலைதானே!