கல்கத்தா வந்த வள்ளி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கலை என்ற சொல்லைக் கேட்டதும், இம்மாநகரில் வாழும் நமக்கு வங்கத்துப் பெருங்கலைஞர்களே முதலில் நினைவுக்கு வருகின்றனர். அஃது இயல்பே. ஆயின், தமிழ்ப் பேசும்படத்தின் முதற் கதாநாயகி நடித்த ஒரு பெரும் படமும் இந்நகரின் படப்பிடிப்பு நிலையத்தோடு தொடர்புடையது என்பதை நம்மிற் பலர் அறியோம். அவ்வம்மையார் டி. பி. ராஜலக்ஷ்மி. அவர்தம் வாழ்க்கையையே இன்று பேசும் பொருளாகக் கொண்டேன்.

1911-ஆம் ஆண்டு, காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில், பஞ்சாபகேச ஐயரின் மகளாக அவர் பிறந்தார். பொம்மை வைத்து விளையாடும் வயதிலேயே அவருக்கு மணம் முடித்துவிட்டனர். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல்தான் நிறைவேறியது. இச்சிறுமியைக் காக்க அது வரவில்லை. அம்மணம் நிலைக்கவில்லை. பிறந்த வீடு திரும்பினார். சில காலத்தில் தந்தையும் மறைந்தார். வறுமை வாயிற்படியில் வந்து நின்றது. தாயும் மக்களும் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தனர்.

அந்நாளில் அத்தகைய குடும்பத்துப் பெண் ஒருத்தி என் செய்ய இயலும்? அடுக்களையில் ஒடுங்கி உறவினர் கையை எதிர்பார்த்துக் காலங் கழிக்கலாம். அச்சிறுமியோ சி. எஸ். சாமண்ணா நாடகக் குழுவிற் சேர்ந்தார். ஊரார் பழித்தனர். பழித்தவர்கள் ஒருபிடி அரிசி தரவில்லை. பழிக்கப்பட்ட மேடை சோறு தந்தது. இதனை நாம் மறத்தலாகாது.

அந்நாளைய நாடக மேடை எளியதன்று. ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி உச்சத்தில் பாடவேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களும் உரையாடல்களும் நாவில் நிற்கவேண்டும். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறையிலோ, வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றியே அன்றிரவு மேடையிற் சந்திப்பர். எதிரில் நிற்பவர் எத்தகைய வாதத்தைத் தொடுத்தாலும் அக்கணமே விடை கூறவேண்டும். தடுமாறினால் சபையோர் விடமாட்டார்கள். எஸ். ஜி. கிட்டப்பா, வி. ஏ. செல்லப்பா போன்ற பெரும் பாடகர்கட்கு ஈடுகொடுத்து அம்மேடையில் நின்றவர் ராஜலக்ஷ்மி அம்மையார்.

பின்னர் அவர் ஊமைப் படத்திற் புகுந்தார். ஏ. நாராயணன் சென்னையில் நடத்திய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பொரேஷனின் ‘கோவலன்’ படத்திலும், ராஜா சாண்டோ இயக்கிய ‘ராஜேஸ்வரி’யிலும் நடித்தார். குரலால் வாழ்ந்தவர் குரலே இல்லாத கலையில் நுழைந்ததைப் பாருங்கள்! அங்கே கண்ணும் கையுமே பேசவேண்டும். திரையில் தோன்றும் எழுத்துகளைக் கொட்டகையில் ஒருவர் உரக்கப் படித்து விளக்குவார். மேடை அவருக்குக் குரலைப் பழக்கியது. ஊமைப் படம் முகத்தைப் பழக்கியது. ஆகவே, படம் பேசத் தொடங்கியபோது இரண்டும் கைவந்தவராய் அவர் ஆயத்தமாக நின்றார்.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ‘காளிதாஸ்’ சென்னையில் வெளியாயிற்று. பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் தயாரிக்க, எச். எம். ரெட்டி இயக்கிய படம் அது. கதாநாயகன் தெலுங்கிற் பேச, கதாநாயகி தமிழிற் பேசினார். இன்று கேட்டால் நகைப்பு வரும். ஆயினும், திரையிலிருந்து தம் தாய்மொழி ஒலிக்கக் கேட்ட மக்கள் அதனைக் கொண்டாடினர். நாளடைவில் ‘சினிமா ராணி’ என்ற பட்டமும் அவருக்கு வந்து சேர்ந்தது.

இனி, நம் நகரின் பங்கைக் கூறுவேன். 1934-ஆம் ஆண்டு வரை சென்னையில் பேசும்படம் எடுக்கும் வசதி இல்லை. அந்நாளைய கல்கத்தாவிலோ, மதன் தியேட்டர்ஸ் 1931-லேயே வங்காளிப் பேசும்படத்தை வெளியிட்டுவிட்டது. நியூ தியேட்டர்ஸும் அவ்வாண்டே தோன்றியது. எனவே தமிழ்ப் படம் எடுக்க விரும்பியோர் நடிகர், பாடகர், வாத்தியக்காரர் யாவரையும் இரயிலேற்றி வெளியூர் செல்லவேண்டியிருந்தது. பின்னணிப் பாடகர் என்போர் அப்போது இல்லை. நடிப்பவரே நடிக்கும்போதே பாடவேண்டும்.

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கை 1914-இல் நிறுவிய சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தா பயனீர் நிறுவனத்தோடு இணைந்து 1933-இல் ‘வள்ளி திருமணம்’ படத்தை வெளியிட்டார். பி. வி. ராவ் இயக்கினார். வள்ளியாக நடித்தவர் ராஜலக்ஷ்மி அம்மையார். படம் பெரும் வெற்றி கண்டது. தினைப்புனத்து வள்ளியின் குரல் கங்கைக் கரையிற் பதிவாகித் தமிழகம் சென்ற வரலாறு இது. அப்படத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரம் பின்னாளில் அவருக்குக் கணவரானார். முதல் மணம் அவரைக் கேட்டு நடந்ததன்று; இம்மணம் அவரே தேர்ந்தது.

அத்துடன் அவர் நின்றாரல்லர். தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்ற நாவலைத் தழுவி, 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவின் முதற் பெண் இயக்குநர் என்ற சிறப்பு அதனால் அவருக்கு உரியதாயிற்று. பெண் சிசுவெனக் கொல்லப்பட இருந்த ஒரு குழந்தையைக் காத்துத் தம் மகளாக வளர்த்தார். தம் இளமையில் தமக்குக் கிடைக்காத புகலிடத்தைப் பிறிதோர் உயிர்க்கு அளித்தவர் அவர். 1964-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அன்பர்களே! இந்நகரின் வினோதினி தாசியை நீங்கள் அறிவீர்கள். 1883-இல் ஸ்டார் தியேட்டர் எழுவதற்குத் தம் வாழ்வையே பணயமாக வைத்த நடிகை அவர். அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டுவதாகச் சொல்லியிருந்தனர். அவர் பிறந்த குலத்தை எண்ணிக் கூசிப் பெயரை மாற்றிவிட்டனர். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில்தான், பின்னாளில் ஹாத்திபாகானில் எழுந்த ஸ்டார் தியேட்டருக்கு வினோதினியின் பெயர் சூட்டப்படும் என்று மாநில முதலமைச்சர் அறிவித்தார். நூற்று நாற்பது ஆண்டுகட்குப் பின்னர் ஒரு நகரம் தன் கடனைத் தீர்க்க முனைந்தது. வங்கம் செய்ததைத் தமிழர்களாகிய நாம் செய்தோமா?

‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று இல்லை. ‘மிஸ் கமலா’வும் இல்லை. தென்னாட்டு ஊமைப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ போன்ற மிகச் சிலவே எஞ்சின. பிலிம் எளிதில் தீப்பற்றும், ஈரத்தில் அழுகும். அதனினும் விரைவாக அதனை அழித்தது, ‘கூத்துதானே’ என்ற நம் அலட்சியம். சினிமா இலக்கியமாகுமோ என்று ஐயுறும் சான்றோர்க்கு ஒன்று சொல்வேன். எழுத்தறியாத இலட்சக்கணக்கான தமிழர்க்குத் தமிழை இசையோடு கொண்டு சேர்த்தது அக்கொட்டகையே.

ஆதலின் இரண்டு வேண்டுகோள். தலைமுறைகளாக இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் தங்கள் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமோ, இசைத்தட்டோ, துண்டு விளம்பரமோ இருப்பின் சங்கத்திடம் தாருங்கள். எலி தின்னும் முன்னர் நாம் காப்போம். மற்றொன்று, மேடையில் ஆடும் பிறர் மகளுக்குக் கைதட்டுகிறோம். நம் மகள் அவ்வழி செல்ல விரும்பினால் முகஞ் சுளிக்கிறோம். அச்சுளிப்பு மறையும் நாளே ராஜலக்ஷ்மி அம்மையார்க்கு நாம் எடுக்கும் உண்மையான விழா.

 வாழ்க தமிழ்! வளர்க கலை!